ஹைபிரிட் என்று மூன்று வண்டிக்கு ஒரே பெயர்: குடும்பத்துக்குச் சொகுசு எஸ்யூவி எடுக்கும் முன்

கோவையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். "மாப்ளே, வீட்டுக்கு ஒரு பெரிய வண்டி எடுக்கலாம்னு மூணு ஷோரூம் ஏறி எறங்கிட்டேன். மூணு எடத்துலயும் 'எங்களுதும் ஹைபிரிட்டுங்க'ங்கறாங்க. ஒருத்தர் லிட்டருக்குப் பதினொண்ணு தரும்ங்கறார், இன்னொருத்தர் பதினேழுங்கறார். வீட்டுல பிளக் போடோணுமான்னு கேட்டா, ரெண்டு பேரு வேண்டாம்ங்கறாங்க, ஒருத்தர் போடோணும்ங்கறார். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

மூன்று விற்பனையாளர்களும் பொய் சொல்லவில்லை. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. அந்த வகையில் மூன்று வேறு இயந்திரங்களுக்கு ஒரே பெயர் வைத்திருப்பதுதான் வம்பு. மாமாவுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பின்தொடரலாம்.

## கல்யாண அடுப்பில் ஒரு டம்ளர் பால்

ஆயிரம் பேருக்குச் சமைக்கிற கல்யாண அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவை ஏற்றினால் விறகுக்கு ஏற்ற வேலை நடக்கும். அதே அடுப்பில் ஒரு டம்ளர் பால் காய்ச்சினால் பால் காயும், ஆனால் விறகில் பெரும்பகுதி வீண்.

பெட்ரோல் எஞ்சினும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். இதில் எவ்வளவு வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது என்பதைத்தான் எஞ்சினின் திறன் என்கிறோம். இன்றைய நல்ல பெட்ரோல் எஞ்சின், தனக்குப் பிடித்த வேகத்திலும் சுமையிலும் ஓடும்போது 40 சதவீதம் வரை மாற்றிவிடும். காந்திபுரம் சிக்னலை நோக்கி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அதில் பாதிகூட வராது. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடினால் திறன் சுத்தமாகப் பூஜ்யம். 200 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு ஐந்து, பத்து குதிரைத்திறன் வேலை வாங்கினால் பால் டம்ளர் கதைதான்.

சமையற்காரருக்கு இதற்கு ஒரு வழி தெரியும். அடுப்பு எரிகிறபோதே மொத்தமாகக் காபி போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைப்பார். யாராவது ஒரு டம்ளர் கேட்டால் ஃபிளாஸ்க்கிலிருந்து போகும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. ஹைபிரிட் காரில் எஞ்சின் அந்த அடுப்பு, பேட்டரி அந்த ஃபிளாஸ்க். ஊர்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும், எஞ்சின் தனக்கு ஏற்ற சுமை வரும்போது மட்டும் எரியும்.

## டைனமோ வைத்த சைக்கிள்

ஃபிளாஸ்க்கை நிரப்ப இன்னொரு வழியும் இருக்கிறது. இது இலவசம்.

பழைய சைக்கிளில் டயரோடு உரசுகிற டைனமோ இருக்கும். அதைத் தட்டிவிட்டதும் விளக்கு எரியும், பெடல் கனக்கும். விளக்குக்குப் போகிற மின்சாரம் நம் காலிலிருந்துதான் வருகிறது. மிதிப்பதை நிறுத்திவிட்டால், டைனமோ போட்ட சைக்கிள் போடாததைவிடச் சீக்கிரம் நின்றுவிடும். அதாவது டைனமோ ஒரு பிரேக் வேலையும் பார்க்கிறது.

ஹைபிரிட் கார் பிரேக் பிடிக்கும்போது நடப்பது இதுவே. சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டார் இப்போது டைனமோவாக மாறி வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இதற்கு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று பெயர். நாம் 'மீட்பு பிரேக்' என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காரில் இந்த ஆற்றல் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போகிறது.

எவ்வளவு கிடைக்கும்? ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள எஸ்யூவி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நின்றால், அதிலிருந்த ஆற்றல் ஒரு யூனிட்டில் 13-ல் ஒரு பங்கு. வழியில் சேதாரம் போகப் பாதிக்கு மேல் பேட்டரிக்கு வந்தாலே நல்லது. துளிதான். ஆனால் ஊருக்குள் ஒரு நாளில் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம்!

ஆக, ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிற இடங்கள் மூன்று: நிற்கும்போது, ஊரும்போது, பிரேக் பிடிக்கும்போது. வெளியிலிருந்து சார்ஜ் செய்யாத ஹைபிரிட்டில் கடைசித் துளி ஆற்றல்வரை பெட்ரோல் டேங்கிலிருந்துதான் வருகிறது. 'தானே சார்ஜ் ஆகும் கார்' என்ற விளம்பரத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## தள்ளிவிடும் பையன், கூட்டாளி, பிளக் போடும் வண்டி

மேம்பாலம் ஏறும் மீன்பாடி வண்டியைப் பின்னாலிருந்து ஒரு பையன் தள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை மிதிப்பவர் இல்லாமல் அவனால் அதை ஓட்ட முடியாது. ஏற்றத்தில் ஒரு கை கொடுப்பான், அவ்வளவுதான். மைல்ட் ஹைபிரிட் அந்தப் பையன். எஞ்சினோடு ஒட்டிய சின்ன மோட்டார், பெரும்பாலும் 48 வோல்ட் பேட்டரி. கிளம்பும்போது கொஞ்சம் உந்தித் தரும், சிக்னலில் எஞ்சினை அணைத்து அதிராமல் மறுபடி எழுப்பும். சக்கரத்தைத் தனியாகச் சுழற்றுகிற பலம் அதற்கு அநேகமாக இருக்காது. மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ7, வால்வோ எக்ஸ்சி60 என்று இந்தியச் சாலையில் நாம் பார்க்கும் ஐரோப்பியச் சொகுசு எஸ்யூவிகளில் 'ஹைபிரிட்' என்பது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது. ஓட்ட அருமையான வண்டிகள். பெட்ரோல் கணக்கில் மட்டும் சாதாரண வண்டியிலிருந்து வெகுதூரம் விலகாது.

ஸ்ட்ராங் ஹைபிரிட் தொழிலில் சரிபாதிக் கூட்டாளி மாதிரி. மோட்டார் மட்டுமே வண்டியை இழுக்கும், எஞ்சின் மட்டுமே இழுக்கும், இரண்டும் சேர்ந்தும் இழுக்கும். யார் எப்போது என்பதைக் கணினி தீர்மானிக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் இதைப் பரவலாக்கியது. சொகுசு எஸ்யூவிக்கு இது வந்தது 2005-ல், லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் வழியாக. இங்கே இன்று லெக்சஸ் என்எக்ஸ் 350எச், ஆர்எக்ஸ் 350எச் இந்த வகை. விலை குறைந்த பக்கத்தில் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஹைபிரிட் மாடல்களும் இதே சாதிதான்.

ப்ளக்-இன் ஹைபிரிட் அதே கூட்டாளிதான், ஆனால் பெரிய ஃபிளாஸ்க். வீட்டு மின்சாரத்திலும் நிரப்பலாம். பல மாடல்கள் ஒரு சார்ஜில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பெட்ரோலே தொடாமல் ஓடும். தினமும் சார்ஜ் போடுகிற வீட்டுக்கு மிகச் சிக்கனம். போடாத வீட்டுக்கு, காலி ஃபிளாஸ்க்கைச் சுமந்து திரிகிற கனத்த பெட்ரோல் கார். இந்தியாவில் தேர்வு குறைவு. பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் போல கோடிக்கு மேல் விலையுள்ள வண்டிகளில்தான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

ஃபிளாஸ்க்கின் அளவைச் சொன்னால் மூன்றும் பளிச்சென்று பிரிந்துவிடும். மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்டில் சொல்கிறேன். ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரி முழுதாக நிறைந்தாலும் ஒரு யூனிட் சொச்சம்தான். அதையும் அடிவரை காலி செய்ய விடாது. எனவே எஞ்சின் இல்லாமல் தொடர்ந்து ஓடுவது ஒன்றிரண்டு கிலோமீட்டர். மைல்ட் ஹைபிரிட்டின் பேட்டரி அதைவிடச் சின்னது. ப்ளக்-இன் 15 முதல் 25 யூனிட்வரை. முழு மின்சார எஸ்யூவி என்றால் 60, 80 யூனிட்.

மாமா கேட்ட மூன்று பதிலும் இப்போது பொருந்திவிட்டன: பதினொன்று சொன்னவர் மைல்டை விற்கிறார், பதினேழு சொன்னவர் ஸ்ட்ராங்கை, பிளக் போடச் சொன்னவர் ப்ளக்-இன்னை. ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி, "எஞ்சின் எரியாமல் இந்த வண்டி நகருமா? பேட்டரி எத்தனை யூனிட்?" என்பதுதான்.

## கூட்டாளி வேலை செய்கிற விதம்

இனி ஸ்ட்ராங் வகையை மட்டும் பேசுகிறேன், குழப்பம் அதில்தான் அதிகம்.

டொயோட்டா, லெக்சஸ் முறையில் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. ஒரு பற்சக்கரக் கூட்டின் மூன்று முனைகளில் எஞ்சின், ஒரு ஜெனரேட்டர், சக்கரத்தோடு இணைந்த மோட்டார் மூன்றும் பொருந்தியிருக்கும். ஜெனரேட்டரை வேகமாகவோ மெதுவாகவோ சுழலவிட்டு, எஞ்சின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் கணினி வைத்துக்கொள்ளும். இதனால் கிளட்ச் இல்லை, எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, மின்சாரம் தயாரிக்கத் தனி ஆல்டர்னேட்டர் இல்லை. 'ரெண்டு எஞ்சின் மாதிரி, ரிப்பேரும் ரெண்டு மடங்கு' என்று பயப்படுகிறவர்கள் இந்த 'இல்லை'களையும் எண்ண வேண்டும். மீட்பு பிரேக் இருப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும்.

பக்க விளைவு ஒன்று உண்டு. ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறி அங்கேயே நிற்கும், வண்டியின் வேகம் பின்னால் மெதுவாக வந்து சேரும். கியர் மாறுகிற அந்தத் துள்ளல் இருக்காது. டீசல் எஸ்யூவியின் இழுவையில் பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கும் பிடிக்கவில்லை, அதை மறைப்பானேன்.

## ஊட்டி இறக்கம்

மலைப்பாதைதான் ஹைபிரிட்டை ஒரே மணி நேரத்தில் புரியவைக்கிற இடம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். 2 டன் வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால் 10 யூனிட் ஆற்றல் விடுபடும். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் போனதைக் கழித்தாலும் ஐந்து, ஆறு யூனிட் மிஞ்சும். ஃபிளாஸ்க்கில் இடம் இருப்பதோ அரை யூனிட் சொச்சம்.

என்ன ஆகும்? குன்னூர் தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் தெரியும் பேட்டரி படம் நிறைந்துவிடும். அதன்பின் காலை எடுத்தாலும் எஞ்சின் திடீரென்று உறுமும். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சேமிக்க இடமில்லாத ஆற்றலை, எஞ்சினை வெறுமனே சுழற்றித் தீர்க்கிறது. செகண்ட் கியரில் இறங்குவதற்குச் சமம். இதற்கென்றே கியர் லீவரில் 'B' என்று ஒரு நிலையோ (பார்க்கிங்கின் 'P' அல்ல), அதற்கு ஈடான வேறொன்றோ இருக்கும். மலையில் இறங்குமுன் விற்பனையாளரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி பேர் சொல்வதே இல்லை.

## நெடுஞ்சாலையில் கூட்டாளிக்கு ஓய்வு

நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது நிற்பதும் இல்லை, ஊர்வதும் இல்லை, பிரேக்கும் அதிகம் இல்லை. மிச்சம் பிடிக்கிற மூன்று இடமும் அடைபட்டுவிட்டன. எஞ்சினும் அண்டா ஏற்றிய அடுப்பாக நல்ல சுமையில் ஓடுகிறது. ஹைபிரிட்டின் எஞ்சின் சிக்கனத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதால் கொஞ்சம் லாபம் இருக்கும், ஊருக்குள் கிடைத்த அளவு இருக்காது. போதாததற்கு எஸ்யூவியின் உயரமும் அகலமும் காற்றை முட்டுகின்றன. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 80-லிருந்து 110-க்குப் போனால் தடை ஏறக்குறைய இரு மடங்கு.

அரசு அங்கீகாரச் சோதனை மைலேஜ் எண்ணும் இதனால்தான் ஹைபிரிட்டுக்குச் சாதகமாகத் தெரிகிறது. அந்தச் சோதனையில் நின்று கிளம்புவது அதிகம், உச்ச வேகமே 90 கிலோமீட்டர், ஏசி போடுவதில்லை. ஹைகிராஸுக்குச் சொல்லப்படும் 23.24, கிராண்ட் விட்டாராவுக்குச் சொல்லப்படும் 27.97 எல்லாம் அந்தக் கணக்கு. பொய்யில்லை, உங்கள் பயணம் அது இல்லை.

இங்கேதான் மாமாவிடம் கேட்டேன்: "வண்டியை யாருங்க மாமா ஓட்டறது?" அவர்தான். தினமும் திருப்பூர் ஃபேக்டரிக்குப் போய்வர. அக்கா ஊருக்குள் ஓட்டப்போவது பழைய சின்ன கார்.

## பணக் கணக்கு

மாமாவுக்கு வருஷம் 18,000 கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பாலும் நெடுஞ்சாலை. கணக்குக்காக மைல்ட் எஸ்யூவி லிட்டருக்கு 12, ஸ்ட்ராங் 16 என்று வைத்துக்கொள்வோம். 1,500 லிட்டர், 1,125 லிட்டர். வித்தியாசம் 375 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 37,500 ரூபாய். நகரத்திலேயே ஓட்டுகிறவருக்கு இது ஒன்றரை, இரண்டு மடங்காகலாம்.

எதிர்ப்பக்கத்தில், 70 லட்ச ரூபாய் வண்டிக்குத் தமிழ்நாட்டுச் சாலை வரி மட்டும் 20 சதவீதம்: 14 லட்சம். முன்பெல்லாம் ஜிஎஸ்டியில் ஒரு சலுகை இருந்தது. பெரிய ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம், பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீதம்தான். வரி எல்லோருக்கும் இறங்கியது, ஹைபிரிட்டின் தனி அனுகூலம் போய்விட்டது. முழு மின்சாரக் காருக்கு அன்றும் இன்றும் 5 சதவீதம்.

70 லட்சம் கொடுத்து மைலேஜுக்காக ஹைபிரிட் எடுக்கிறேன் என்பது, கட்டைப்பை இலவசம் என்று பட்டுக்கடைக்குப் போவது போல. எரிபொருள் செலவுதான் முக்கியம் என்றால், வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருந்து மாதக்கணக்கில் ஊர் சுற்றாதவர்கள் மின்சார எஸ்யூவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹைபிரிட்டை வேறு காரணத்துக்காக வாங்கலாம்: அமைதி, அதிராத ஓட்டம், வழியில் சார்ஜர் தேடாத நிம்மதி. நல்ல காரணங்கள்தான். மிச்சம் என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

## பின் சீட்டில் இருப்பவர்களின் கணக்கு

மே மாத மதியம், சிக்னல், பின்னால் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். சாதாரணக் காரில் சிக்கனத்துக்காக எஞ்சின் தானே அணைந்தால் பெரும்பாலும் ஏசி கம்ப்ரசரும் நின்றுவிடும், ஏனென்றால் அது எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. அரை நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் அணைந்திருக்கும், ஏசி சில்லென்று வரும். நம் ஊருக்கு இந்த ஒன்றே பாதி விலை பெறும்.

பின் சீட்டின் அடியில் அல்லது பக்கவாட்டில் ஒரு சின்னச் சல்லடை ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று அதன் வழியேதான் போகிறது. அதன்மேல் ஸ்கூல் பையைச் சாய்ப்பது, துண்டைப் போடுவது, முறுக்குத் தூள் உதிர்ப்பது எல்லாம் நம் குடும்பங்களில் தினசரி. அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸில் அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்தார்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறார், இரண்டு மாதம் போய்விட்டு வருவோம் என்கிற வீடு என்றால் இன்னொன்று. பெரிய பேட்டரியைத் தவிர சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் இதில் உண்டு. பெரிய பேட்டரிக்குக் கதவு திறந்துவிடுவதே இந்தச் சின்னதுதான். இது இறங்கிவிட்டால், பெரியது நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. யாரையாவது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றிய பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. டொயோட்டாவும் லெக்சஸும் இந்தியாவில் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எட்டு வருஷத்துக்குள் விற்றுவிடுகிற குடும்பம் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஹைபிரிட் பாகங்களையும் காப்பீடு ஏற்குமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் புகுந்த வண்டியை ஆன் செய்து பார்க்கவே கூடாது; ஆரஞ்சு நிற வயர்களைத் தொடக்கூடாது.

## டெஸ்ட் டிரைவ் எப்போது

காலை பத்து மணிக்குக் காலிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் எதுவும் தெரியாது. மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள், வீட்டில் வயதானவரைப் பின்னால் உட்கார வையுங்கள், டிக்கியில் உங்கள் பெட்டிகளையே வைத்துப் பாருங்கள். மூன்றாம் வரிசை வேண்டுமென்றால் அங்கே நீங்களே ஏறி உட்காருங்கள். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்திப் பாருங்கள்.

மாமா அப்படியே செய்தார். நேற்று மறுபடி போன். லாரியை முந்தும்போது சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை, ஜெர்மன் மைல்டுதான் தோது என்கிறார். ஆனால் ஊருக்குள் ஒரு சிக்னலில் ஸ்ட்ராங் வண்டி நின்றபோது பின்னாலிருந்த அவர் அம்மா, "ஏஞ்சாமி, வண்டி ஆஃப் ஆயிப்போச்சா? ஏசி மட்டும் வருதே" என்று கேட்டாராம். அக்கா அன்றிலிருந்து வேறு வண்டியைப் பற்றிப் பேசவே விடுவதில்லை. திருப்பூருக்குப் பழைய காரை அவர் எடுத்துக்கொண்டு, புதியதை அக்கா ஊருக்குள் ஓட்டுவது என்று இப்போது பேச்சு நடக்கிறது. அப்படியானால் என் 37,500 ரூபாய் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.